மில்லை மூடியது சங்கமா, முதலாளியா? பழைய மில் ஆட்கள் சொல்லுங்கள்

ராசு, சிங்காநல்லூர்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அப்பா இங்கே ஒரு நூற்பாலையில் 1974-இல் பதிலியாகச் சேர்ந்தவர். யாராவது லீவு போட்டால்தான் வேலை என்று இரண்டு வருடம் தினமும் கேட்டில் போய் நின்று, அப்புறம் நிரந்தரமாகி, 1998-இல் மில் நிற்கும்வரை ஸ்பின்னிங்கில் இருந்தார். அப்போது எனக்குப் பதினொரு வயது. ஒரு நாள் காலையில் சங்கு ஊதவில்லை, உலை வைக்க நேரம் தெரியாமல் அம்மா பக்கத்து வீட்டில் போய் மணி கேட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதன்பிறகு அப்பா ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேன். அண்ணன் பத்தாவதோடு லேத் பட்டறைக்குப் போனான். அடகுக்குப் போன அம்மாவின் நகை எதுவும் திரும்பவில்லை.

போன வாரம் ஒரு விசேஷத்தில் பெரியப்பா, "சங்கத்துக்காரன் கேட்டுக் கேட்டே மில்லை மூடிட்டான்" என்றார். அப்பா பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார். அவரைக் கேட்டால் நிலத்து மேல கண்ணு வச்சுத்தான் மூடினாங்க என்கிறார், அதற்கு மேல் வாய் திறப்பதில்லை. உண்மையில் என்னதான் நடந்தது? பம்புசெட், கிரைண்டர், ஐடி என்று கோவை வளர்ந்துகொண்டுதானே இருக்கிறது, எங்கள் வீதி மட்டும் ஏன் எழுந்திருக்கவே இல்லை?

ரிங்பிரேம் மணி:

தம்பி, நான் வேறு மில், 29 வருட சர்வீஸ். உங்கள் அப்பா இலையை மூடியது எனக்குப் புரிகிறது. பஞ்சப்படியோ போனஸோ வார லீவோ, யாரும் கூப்பிட்டுக் கொடுத்ததில்லை. ரங்கவிலாஸ் மில் போராட்டத்தை ஒட்டிய வழக்கில் சின்னியம்பாளையத்துச் சங்கத்துக்காரர்கள் நாலு பேரை 1946 ஜனவரி 8-ஆம் தேதி தூக்கில் போட்டார்கள், இன்றைக்கும் வருடா வருடம் அந்த நாளில் சிவப்புக் கொடியோடு ஆட்கள் கூடுகிறார்கள். அப்படி வந்த சங்கத்தை ஒரே வார்த்தையில் பழித்தால் எப்படி உட்கார்ந்து சாப்பிடுவார்?

அதற்காக நாங்கள் செய்தது எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். புது மிஷின் வந்தால் ஆள் குறையும் என்று மறித்தோம், ஒரு கேட்டில் நாலு கொடி, நாலு சங்கமும் ஒத்துப்போனதே இல்லை. எங்கள் காலத்து நூற்பு ஃபிரேமில் நூலை முறுக்கிச் சுற்றுகிற கதிர் 400 ஓடும், நூல் அறுந்த இடத்துக்கு ஓடிப்போய் விரலால் முறுக்கி ஒட்ட வேண்டும், பாபின் நிறைந்தால் டாஃபர் பையன்கள் கையால் கழற்றுவார்கள். இப்போது ஒரு ஃபிரேமில் ஆயிரம் கதிருக்கு மேல், பாபினை அதுவே மாற்றிக்கொள்கிறது. அந்த மிஷினோடு நாங்கள் எத்தனை நாள் போட்டி போட்டிருக்க முடியும்?

புருவம், காது மயிர் எல்லாம் பஞ்சு ஒட்டி வெள்ளையாகத்தான் வெளியே வருவோம். ஞாயிறு லீவு முடிந்து திங்கள்கிழமை உள்ளே போனால் நெஞ்சை யாரோ பிடித்து இறுக்குகிற மாதிரி இருக்கும், செவ்வாய் புதன் ஆகச் சரியாகிவிடும். பஞ்சுத் தூசி நோய் என்று பின்னால்தான் தெரிந்தது. ஆனாலும் இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டு அட்டை இருந்தது, சிங்காநல்லூர் ஆஸ்பத்திரியில் என் இரண்டு பிள்ளைகளும் பிறந்தார்கள். மில் நின்றதும் அந்த அட்டையும் செல்லாமல் போனதுதான் எனக்குச் சம்பளம் போனதை விடப் பெரிய அடி.

கணக்குப்பிள்ளை:

நான் மில் ஆபீசில் சம்பளக் கணக்கு எழுதியவன். உங்கள் அப்பா சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் நிலம் கடைசிக் காரணம், முதல் காரணம் இல்லை.

1930களில் நீலகிரி பைகாராவிலிருந்து மின்சாரம் வந்தபிறகு வரிசையாக எழுந்த மில்கள் இவை. போட்ட மிஷினை வைத்தே பல இடங்களில் இரண்டு தலைமுறை ஓட்டினார்கள், லாபம் வந்த வருடங்களில் அதை மில்லுக்குள் போடாமல் வேறு தொழிலுக்குக் கொண்டுபோனார்கள். நெசவு விசைத்தறிக்குப் போனது. சோமனூர், பல்லடம் பக்கம் தறி கூலி குறைவு, பிஎஃப் கிடையாது, அந்த விலைக்கு மில்லுக்குள் துணி நெய்து கட்டுபடியாகாது. பஞ்சோ நம் ஊரில் விளைவது போதாமல் குஜராத், மகாராஷ்டிராவிலிருந்து லாரியில் வர வேண்டும். நலிந்த மில்களை 1974-இல் மத்திய அரசு எடுத்து என்டிசி என்கிற தேசிய ஜவுளிக் கழகத்திடம் கொடுத்தது. அதில் நாடு முழுக்க மிஞ்சி ஓடிய 23 ஆலைகளும் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றவைதான், நம் கம்போடியா மில், பங்கஜா மில், முருகன் மில் எல்லாம் அதில் அடக்கம்.

100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையை மூட அப்போது அரசு அனுமதி வேண்டும், வருடத்துக்கு 15 நாள் சம்பளம் இழப்பீடு தர வேண்டும். அதனால் நிறைய இடங்களில் மூடுகிறோம் என்று சொல்லவே மாட்டார்கள். முதலில் மூன்றாவது ஷிப்ட் நிற்கும், அப்புறம் லே-ஆஃப், அரைச் சம்பளம், கரண்ட் பில் கட்டவில்லை என்பார்கள், ஒரு நாள் கேட்டில் நோட்டீஸ். நலிந்த கம்பெனிகளை என்ன செய்வது என்று முடிவு செய்ய பிஐஎஃப்ஆர் என்று டெல்லியில் ஒரு வாரியம் இருந்தது, அங்கே பேப்பர் வருடக்கணக்கில் கிடக்கும். அதற்குள் மிஷின் துருப்பிடித்துக் காயலாங்கடைக்குப் போகும், தொழிலாளி கிடைத்ததை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவான். நிலத்தின் விலை ஏறி நின்றது அப்போதுதான், அதன்பிறகு மில்லை ஓட்டலாம் என்று யாருக்குமே மனம் வரவில்லை.

ஒன்றை மறந்துவிடாதீர்கள், நூற்பு இங்கிருந்து போய்விடவில்லை. நாட்டிலேயே அதிக நூற்பாலைகள் இன்றும் தமிழ்நாட்டில்தான். போனது உங்கள் அப்பா பார்த்த மாதிரியான நிரந்தர வேலை.

செல்வி, நத்தம்:

நூற்பு போய்விடவில்லை என்று கணக்குப்பிள்ளை ஐயா சொன்னாரே, அப்படி ஓடுகிற புது மில் ஒன்றில் வேலை செய்தவள் நான். திண்டுக்கல் பக்கம், பெயர் வேண்டாம். 2006-இல் எனக்குப் பதினாறு வயது, ஊருக்கு வேன் வந்தது, மூன்று வருடம் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தால் மொத்தமாக 35,000 ரூபாய், கல்யாணத்துக்கு ஆகும் என்றார்கள். சுமங்கலித் திட்டம் என்று பெயர். வெளியே போக முடியாது, ஞாயிற்றுக்கிழமை வார்டனுக்கு முன்னால் நின்று ஒரு போன் பேசலாம். முடிய ஐந்து மாதம் இருக்கும்போது மூச்சுத் திணறல் வந்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள், அந்தப் பணம் வரவில்லை. சங்கம் என்ற சொல்லையே நான் அங்கே கேட்டதில்லை.

மில்லுக்கார மாப்பிள்ளை என்றால் கண்ணை மூடிக்கொண்டு பெண் கொடுத்த காலம் ஒன்று இருந்ததாக எங்கள் ஆத்தா சொல்லும். நான் என் கல்யாணத்துக்குப் பணம் சேர்க்க அதே மில் வேலைக்குப் போனேன். ராசு அண்ணா, உங்கள் பெரியப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், சங்கம் இல்லாத மில் எப்படி இருக்கும் என்று.

ராசு, சிங்காநல்லூர்:

செல்வி, படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத முடியவில்லை. மணி அண்ணன் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். திங்கள்கிழமை விஷயம் வந்ததும் "ஆமா, ஆமா" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டார். எங்கள் வீட்டில் யாருக்குமே இது தெரியாது.

கணக்குப்பிள்ளை:

ராசு, அப்பா பென்ஷன் வாங்குகிறாரா? 1974-இல் சேர்ந்தவர் என்றால் பிஎஃப்-இல் 1971-இல் வந்த குடும்ப ஓய்வூதியத் திட்டத்தில் பெயர் இருந்திருக்கும், 1995 நவம்பரில் அது இபிஎஸ்-95 ஆக மாறியது. 10 வருட சர்வீஸ் இருந்தால் 58 வயதில் பென்ஷன் உண்டு, மில் மூடிவிட்டது என்பதால் போகாது. 2014-லிருந்து குறைந்தது மாதம் 1,000 ரூபாய். சின்னத் தொகைதான், ஆனால் அவருடைய காசு. பிஎஃப் எண் இருக்கிற ஏதாவது ஒரு சீட்டைத் தேடுங்கள், 10டி படிவம் கொடுக்க வேண்டும்.

ராசு, சிங்காநல்லூர்:

வாங்கவில்லை ஐயா, செட்டில்மெண்ட் வாங்கியதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருக்கிறார். இப்போது டிரங்குப் பெட்டியை இறக்கி எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறார். 1991 பிஎஃப் சீட்டு ஒன்று கிடைத்தது, மடிப்பில் கிழிந்திருக்கிறது, எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் தெரியவில்லை. பெரியப்பாவும் அதே மில்தான், அவருடைய சீட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு திங்கள்கிழமை இரண்டு பேரையும் பிஎஃப் ஆபீசுக்குக் கூட்டிப்போகிறேன்.