வாஷிங் மெஷினைத் தொட்டால் சுருசுரு என்கிறது, என்ன செய்யலாம்?

வணக்கம். வாடகை வீடு, ஃப்ரன்ட் லோடு மெஷின். பெயின்ட் உரிந்த ஓரத்தில் புறங்கை பட்டால் சுருசுரு என்கிறது. செருப்புக் காலோடு நின்றால் ஒன்றும் தெரியாது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றால் நன்றாகவே தெரிகிறது. டெஸ்டரும் மங்கலாக எரிகிறது.

மெஷின் பிளக்கில் இருக்கும்போது அதே போர்டில் அளந்து பார்த்தேன். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 வோல்ட், சரி. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 110 பக்கம்தான் வருகிறது. எர்த் ஒழுங்காக இருந்தால் இதுவும் 230-ஐ ஒட்டித்தானே வர வேண்டும்? அப்படியென்றால் மூன்றாவது பின் எங்கேயும் போய்ச் சேரவில்லை. ஃபில்டர் கெப்பாசிட்டர் (மின் இரைச்சலை அடக்க மெஷினுக்குள் வைத்திருப்பது) வழியாகக் கசிவதுதான் பாடிக்கு வருகிறதா, இல்லை மெஷினுக்குள் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டரில் இன்சுலேஷன் போய்விட்டதா? எப்படிப் பிரித்துக் கண்டுபிடிப்பது?

வந்த எலக்ட்ரீஷியன் சாக்கெட்டுக்குள்ளேயே எர்த்தையும் நியூட்ரலையும் துண்டு வயரால் சேர்த்துவிடலாம் என்றார். நியூட்ரல் எங்காவது அறுந்தால் பாடி முழுக்க 230 ஏறிவிடும். வேண்டவே வேண்டாம் என்றுவிட்டேன். (இதை எத்தனை வீட்டில் செய்திருக்கிறாரோ!)

புது எர்த் போட ஓனர் இழுத்தடிக்கிறார். அதுவரை 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) மட்டும் போதுமா? வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இப்போதைக்கு மெஷின் பிளக்கைக் கழற்றி வைத்திருக்கிறேன்.