தப்பு என்று சுழித்த விடைகள்

ஓசூர் பக்கம், ஒன்றாம் வகுப்பு ஆசிரியை:

போன வாரம் நடந்தது. இன்னும் மனதை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டில் தெலுங்கு, சிலருக்குக் கன்னடம். வாசலைத் தாண்டி உள்ளே வந்தால்தான் தமிழ். பட அட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிப் பெயர் கேட்டுக்கொண்டிருந்தேன். பசுமாட்டுப் படம் வந்ததும் ஒரு பையன் எல்லோரையும் முந்திக்கொண்டு "ஆவு!" என்றான். "ஆவு இல்ல கண்ணு, பசு சொல்லு" என்றேன். பசு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தவன், அன்று முழுக்க வாயே திறக்கவில்லை.

மதியம் டீ போடப் பால் பாக்கெட்டை வெட்டும்போதுதான் உறைத்தது. பாக்கெட்டின் மேல் ஆவின் என்று எழுதியிருக்கிறது. ஆ என்றால் பசு, ஆவின் பால் என்றால் பசுவின் பால். ஓரெழுத்து ஒருமொழி என்று நானே படித்துத் தேர்வெழுதியதுதான். அவன் தெலுங்கில் சொன்ன ஆவுக்குள் தமிழின் 'ஆ' முழுசாக உட்கார்ந்திருக்கிறது. நான் அதைத் தப்பு என்று சொல்லி உட்காரவைத்திருக்கிறேன்.

மறுநாள் கழுவிக் காயவைத்த பாக்கெட்டை 'ஆ' எழுத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அவனைக் கூப்பிட்டு, "நீ சொன்ன ஆவு இங்க இருக்கு பாரு" என்று காட்டினேன். அப்புறம் வகுப்பே வேட்டையில் இறங்கியது. கண்ணுக்கு அவர்கள் வீட்டில் 'கன்னு', மூக்குக்கு 'முக்கு'. காது என்று காட்டினால் 'செவி' என்றார்கள். நாம் பாட்டில் மட்டும் படிக்கிற சொல்லை அந்தப் பிள்ளைகள் வீட்டில் பேசுகிறார்கள். கன்னடம் பேசும் ஒரு பெண் 'கிவி' என்றாள். அதையும் எழுதி ஒட்டினோம்.

உங்கள் வகுப்பிலும் இப்படித் தப்பு என்று ஒதுக்கிய விடைக்குள் ஒரு சரி ஒளிந்திருந்த நாள் இருக்கும். எழுதுங்கள்.


தருமபுரி, ஈராசிரியர் பள்ளி:

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது தொண்ணூறு.

மூன்றாம் வகுப்பில் எண்பெயர் சொல்லி எழுதச் சொன்னேன். எண்பத்தொன்பது, 89, எல்லோரும் சரி. அடுத்து தொண்ணூறு என்றேன். ஒருத்தன் 900 என்று எழுதினான். கவனக்குறைவு என்று நினைத்து மறுபடி சொன்னேன். மறுபடியும் 900. கொஞ்சம் குரலை உயர்த்தி, "தொண்ணூறுடா, தொண்ணூறு" என்றேன். அவன் பயப்படாமல் கேட்டான்: "எண்ணூறுன்னா எட்டு நூறுதான சார்? அப்ப தொண்ணூறு ஒன்பது நூறு இல்லையா?"

எனக்குப் பதில் வரவில்லை. அறுநூறு, எழுநூறு, எண்ணூறு என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். அடுத்து நாக்கில் தானாக வருவது தொண்ணூறுதான். அந்தப் பிள்ளை சொல்லைப் பிரித்துப் பார்த்து, ஒழுங்கைக் கண்டுபிடித்து, அதன்படி எழுதியிருக்கிறான். ஒழுங்கு தவறி நிற்பது மொழி. தொண்ணூறுக்குள் நூறு ஒலிக்கிறது, மதிப்போ ஒன்பது பத்து. தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் ஒலிக்கிறது, மதிப்போ ஒன்பது நூறு. ஒன்பதும் பத்தும் சேர்ந்தால் தொண்ணூறு ஆகும் என்று தொல்காப்பியத்திலேயே விதி இருக்கிறது. அவ்வளவு பழைய முடிச்சு. எட்டு வயதுப் பிள்ளை அதில் தடுக்கி விழுந்தால் அது அவன் கவனக்குறைவு இல்லை.

நான் செய்தது இதுதான். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருக்கிறோம். எட்டுக் கட்டும் ஒன்பது உதிரியும் எடுக்கச் சொன்னேன். எண்பத்தொன்பது. இன்னும் ஒரு குச்சி போடு என்றேன். உதிரி பத்தாகிவிட்டது, கட்டினான், ஒன்பது கட்டு. "இதுக்கு நம்ம ஊருல வச்ச பேரு தொண்ணூறு" என்றேன். கட்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பேருல மட்டும்தான் சார் நூறு இருக்கு" என்றான். அவன் எழுதிய பலகையில் தொள்ளாயிரம் 9000 என்றும் இருந்தது. அதை அவனே அடித்துவிட்டு 900 என்று திருத்தினான். நான் சொல்லவில்லை.

இதைக் கவனிக்க முடிந்ததற்குக் காரணம் சுவரின் அடியில் ஓடும் கீழ்மட்டக் கரும்பலகை. பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து படிக்கிற செயல்வழிக் கற்றல் 2007-08இல் மாநிலம் முழுக்க வந்தபோது, பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தே எழுதுகிற உயரத்தில் ஆளுக்கு ஒரு கட்டமாகப் பலகை அடித்தார்கள். அந்த அட்டைகளும், எந்த அட்டைக்குப் பிறகு எது என்று காட்டும் ஏணிப்படியும் போய்விட்டன. இப்போது எண்ணும் எழுத்தும் திட்டம், அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள். அந்தப் பலகையை மட்டும் நான் வருஷா வருஷம் பெயின்ட் அடித்துக் காப்பாற்றி வைத்திருக்கிறேன். நோட்டில் என்றால் அழித்துவிடுவார்கள், பலகையில் தப்பு நான் வரும்வரை அப்படியே இருக்கும்.


ஓசூர் பக்கம் ஆசிரியை:

சார், எங்கள் பிள்ளைகள் இருபத்து மூன்றை 203 என்று எழுதுவார்கள். இருபதை எழுதி, பக்கத்தில் மூன்றை எழுதுகிறார்கள். காதில் விழுந்தது விழுந்தபடி. உங்கள் பதிவைப் படித்தபிறகு அதையும் வேறு மாதிரிப் பார்க்கிறேன்.


நிலக்கோட்டை வட்டாரம், இடைநிலை ஆசிரியர்:

அளவைகள் பாடம். சாண், முழம், தப்படி என்று உடம்பால் அளப்பது. மேசையின் நீளத்தை முழம் போட்டு அளக்கச் சொன்னேன். ஆளுக்கொரு விடை. 'எல்லோருடைய கையும் ஒரே அளவு இல்லை, அதனால்தான் ஸ்கேல் வேண்டும்' என்ற இடத்துக்கு நாற்பது நிமிடத்தில் கொண்டுபோவதாகத் திட்டம்.

முதல் வரிசையில் ஒரு பெண். அவள் அம்மா பேருந்து நிலையத்தில் பூ விற்கிறார். அளக்கவே எழுந்து வரவில்லை. ஏன் என்றதற்கு, "யாரு கையி சார்?" என்றாள். புரியவில்லை. "எங்க அம்மா முழம் சின்னது. பாட்டி முழம் பெருசு. பாட்டி உக்காந்தா எல்லாரும் பாட்டிக்கிட்டதான் வாங்குவாங்க. அதனால அம்மா முழத்துக்கு மேல நாலு விரக்கடை விட்டு அறுக்கும்." நான் வகுப்பின் கடைசியில் சொல்லவேண்டியதை அவள் தொடக்கத்திலேயே சொல்லி முடித்துவிட்டாள். அளவு ஆளுக்கு ஆள் மாறும், மாறினால் வியாபாரம் கெடும், கெடாமல் இருக்க ஈடுகட்ட வேண்டும். இதற்கு மேல் அந்தப் பாடத்தில் என்ன இருக்கிறது?

மறுநாள் அவள் அம்மாவைக் கேட்டு ஒரு பந்து வாழைநார் வாங்கிவந்தோம். பிள்ளைகள் தங்கள் முழத்துக்கு ஒரு துண்டு அறுத்து, பெயர் எழுதிச் சுவரில் தொங்கவிட்டார்கள். என் முழமும் தொங்குகிறது. அப்புறம்தான் மீட்டர் அளவுகோலை எடுத்தேன்.

இந்தப் பெண் எழுத்துத் தேர்வில் அளவைகளில் பத்துக்கு நாலு வாங்கியவள். வினாத்தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கேள்வியை வாசிக்கத் தெரியாமல்தான் விட்டிருக்கிறாள். அன்றிலிருந்து கணக்குக் கேள்வியை முதலில் நானே சத்தமாக வாசித்துவிடுகிறேன்.


ஒரு தாய், சென்னை:

நான் ஆசிரியை இல்லை, எழுதலாம்தானே? என் மகள் இரண்டாம் வகுப்பு. பயிற்சித்தாளில் கேள்வி: மழை வந்தால் எதைப் பிடிப்போம்? குடை என்று எழுத வேண்டும். இவள் "குண்டா" என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் பெருக்கல் குறி. எங்கள் வீட்டுக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகும். மழை தொடங்கியதும் ஒழுகுகிற இடத்தில் அவள்தான் குண்டாவைக் கொண்டுபோய் வைப்பாள். தண்ணீர் பிடிப்பதும் பிடிப்பதுதானே. அவளிடம் நான் என்ன சொல்வது என்று தெரியாமல், "நீ எழுதினதும் சரிதான்டா" என்று மட்டும் சொன்னேன். மிஸ்ஸிடம் பேசத் தயக்கமாக இருக்கிறது.


தருமபுரி, ஈராசிரியர் பள்ளி:

தயங்காமல் போய்ச் சொல்லுங்கம்மா. குறை சொல்வதாக நினைக்க மாட்டார்கள். அந்த மிஸ்ஸுக்கு உங்கள் கூரை தெரியாது, அவ்வளவுதான்.


ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், தஞ்சாவூர் மாவட்டம்:

1990களில் நடந்தது. மூன்றாம் வகுப்பில் சொல்வதெழுதுதல். 'யானை' என்றேன். ஒரு மாணவன் 'னை'யை ஏதோ படம் போல வரைந்திருந்தான். எழுத்துக்கு முன்னால் தும்பிக்கை மாதிரி ஒரு சுழி. அடுத்து 'விறகுக் கடை நல்லான் வந்தானா'. அதில் 'லா' சரி, 'வந்தானா' என்ற சொல்லில் 'னா' மறுபடி ஒரு வளையம். கிறுக்குகிறான் என்று இரண்டையும் சுழித்து, பத்து முறை எழுதிவரச் சொன்னேன்.

மறுநாள் அவன் பாட்டி வந்தார். சண்டைக்கு வரவில்லை. "நான்தாங்கய்யா சொல்லிக்கொடுத்தேன். எங்க காலத்துல அப்படித்தான் எழுதுவோம். தப்பாங்கய்யா?" என்று கேட்டார். அஞ்சாம் வகுப்புவரை படித்தவர். பேரனுக்குத் தினமும் இராத்திரி விளக்கடியில் எழுத்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர்.

நானும் அந்த எழுத்தில்தான் படித்தேன். 1978இல் அரசாணை வந்து, ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. பெரியார் 1935லேயே தம் இதழில் பயன்படுத்திய வடிவம் அது. பணியில் சேர்ந்த புதிதில் நானே கை தவறிப் பழைய 'லை' போட்டுவிட்டு அழித்திருக்கிறேன். இருந்தும் அந்தப் பையனின் நோட்டைப் பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

பாட்டியை நாற்காலி போட்டு உட்காரச் சொன்னேன். கரும்பலகையில் ஒரு பக்கம் அவர் பழைய 'யானை'யை எழுத, மறுபக்கம் பேரன் புதியதை எழுதினான். "நம்ம யானைக்குத்தான் தும்பிக்கை இருக்கு" என்று ஒரு பிள்ளை சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. இலக்கணமாகப் பார்த்தால் புதிய வடிவம்தான் கற்பதற்கு எளிது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் பையனை நான் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி, "இதை யாரிடம் படித்தாய்?" என்பது. அதைக் கேட்காமல் சுழித்தேன்.


யாழ்ப்பாணத்திலிருந்து, ஆரம்பப்பிரிவு ஆசிரியை:

எங்கட தரம் 2 பிள்ளையளுக்குச் சுற்றாடல் பாடத்தில மிதக்கிறது, அமிழுறது எண்டு ஒரு செயற்பாடு. வாளியில தண்ணி, கல்லு, இலை, தக்கை, முட்டை. முட்டை எந்தப் பக்கம் எண்டு கேட்க எல்லாரும் அமிழும் எண்டிச்சினம். ஒரு பிள்ளை மட்டும் ரெண்டு நிரலிலயும் முட்டையைக் கீறி வைச்சிருந்தது. ஒண்டைத்தான் தெரிவு செய்யவேணும் எண்டன். "உப்புப் போட்டா மிதக்கும் ரீச்சர், அம்மா ஊறுகாய்க்குத் தண்ணி கரைக்கேக்க முட்டை போட்டுத்தான் பாக்கிறவ" எண்டுது. உப்பு எடுத்துவரச் சொல்லிக் கரைச்சம். ஒரு கை, ரெண்டு கை, ஒண்டும் நடக்கேல்லை. பிள்ளையின்ர முகம் வாடிப்போச்சு. "இன்னும் போடுங்கோ ரீச்சர்" எண்டு கெஞ்சிச்சு. போட்டம். முட்டை மெல்ல எழும்பி வந்திச்சு பாருங்கோ, அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஓடி வந்திட்டார்.


திருவண்ணாமலை மாவட்டம், ஆசிரியை:

எல்லாவற்றையும் படித்தேன். என்னுடையது ஒரு கழித்தல் கணக்கு.

52இல் 27 போக எவ்வளவு? 'இரண்டில் ஏழு போகாது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்று நான் படித்தபடியே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் கை தூக்கினாள். "எப்ப டீச்சர் திருப்பித் தரணும்?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. நோட்டில் கணக்கைப் போடாமல் வைத்திருந்தாள். அவள் வீட்டில் குழுக்கடன் வாங்கியிருந்தார்கள், வாரம் ஒரு நாள் வசூலுக்கு வருவார்கள் என்பது பிறகு அவள் அம்மா சொல்லித்தான் தெரியும். அந்த நாட்களில்தான் அவள் பள்ளிக்கு வராமல் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

கணக்காகப் பார்த்தாலும் அவள் கேட்டது நியாயம். அந்த இடத்தில் யாரும் யாரிடமும் கடன் வாங்குவதில்லை. ஐந்து பத்துகளில் ஒரு பத்தைப் பிரித்து ஒன்றுகளாக மாற்றிக்கொள்கிறோம். எல்லாம் அதே 52க்குள் நடக்கிறது. நாம் அதற்குக் கடன் என்று பெயர் வைத்துவிட்டோம்.

அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். குச்சிக் கட்டுகளை அவள் கையில் கொடுத்து, "ஐந்து கட்டு, இரண்டு உதிரி. இதுல இருந்து எனக்கு இருபத்தேழு குடு பாப்பா" என்றேன். இரண்டு உதிரியைப் பார்த்தாள். ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றினாள். பன்னிரண்டில் ஏழை எண்ணி வைத்தாள், இரண்டு கட்டை வைத்தாள். மிச்சத்தை எண்ணி, "இருபத்தஞ்சு" என்றாள்.

கழற்றிய ரப்பர் பேண்டை வளையல் மாதிரி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, கொஞ்ச நேரம் நின்றாள்.

"இதுல யாருக்கும் எதுவும் திருப்பித் தர வேணாம்தான டீச்சர்?"

"வேணாம்மா."

போய் உட்கார்ந்து அடுத்த கணக்கைப் போட ஆரம்பித்தாள்.