புதுப்பிப்பு: பாங்காக்கில் நான்கு நாள், கையைக் கடிக்காமல்

தங்கும் செலவு நீங்கலாக, நாளொன்றுக்கு 1,000 பாட் (தாய்லாந்து நாணயம்) செலவில் பாங்காக்கைச் சுற்ற முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம். முடிகிறது, கிராண்ட் பேலஸ் அரண்மனைக்குப் போன நாளைத் தவிர. அதற்கு நுழைவுக் கட்டணமே தலைக்கு 500 பாட்.

பெரிய மிச்சம் போக்குவரத்தில்தான். சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து நகரின் பயாதாய் நிலையம் வரை ரயிலில் 45 பாட். நகருக்குள் சாவோ பிரயா ஆற்றில் ஆரஞ்சுக் கொடி படகு, எங்கே இறங்கினாலும் 16 பாட். சாலை நெரிசலில் வெந்துகொண்டிருப்பதைவிட ஆற்றுக்காற்றில் போவது எவ்வளவோ மேல். நீலக் கொடி சுற்றுலாப் படகு, விலை அதிகம்; கொடியைப் பார்த்து ஏறுங்கள். வாட் போ கோயிலில் சயன புத்தரைப் பார்த்துவிட்டு, பக்கத்துத் துறையிலிருந்து அக்கரைப் படகில் வாட் அருண் கோயிலுக்குப் போய்விடலாம்.

அப்புறம் ஒன்று. அரண்மனை வாசலருகே ஒருவர், "இன்று மூடியிருக்கிறது, வேறு கோயிலுக்குக் கூட்டிப்போகிறேன்" என்றார். நம்பி டுக்-டுக் ஆட்டோவில் ஏறி, நகைக்கடையில் ஒரு மணி நேரம் வீணானது. திரும்பி வந்தால் அரண்மனை திறந்தே இருந்தது. யார் சொன்னாலும் நுழைவாயில் வரை நடந்து போய்ப் பாருங்கள்.

போன மாதம் நான் கேட்டபோது சைவச் சாப்பாட்டுக்கு வழி சொன்னவர்களுக்கு நன்றி. கடைகளில் "ஜே" (தாய்லாந்து மொழியில் சைவ உணவு) என்று சொன்னதுமே புரிந்துகொண்டார்கள். சிலோம் மாரியம்மன் கோயிலில் தாய்லாந்துக்காரர்கள் சாமந்தி மாலையோடு நின்றதைப் பார்த்தபோது அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.