பராமரிப்பு இல்லத்தை எடைபோடுவது பதிவேட்டை வைத்தா, நேரில் பார்த்தா?

கீழ்வானம்:
அம்மாவுக்கு மறதிநோய் முற்றிக்கொண்டே போகிறது. பக்கவாதம் வந்த பிறகு தானாக எழுந்து நடப்பதும் இல்லை. வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது என்று முடிவாகிவிட்டது. அதைப் பற்றி இங்கே விவாதம் வேண்டாம், தயவுசெய்து. இரண்டு முதியோர் பராமரிப்பு இல்லங்களைப் பார்த்து வைத்திருக்கிறோம். முதலாவது புதுக் கட்டடம், ஆய்வறிக்கையும் நன்றாக இருக்கிறது. "போன வருடம் எங்களிடம் ஒருவர்கூடக் கீழே விழவில்லை" என்று பெருமையாகச் சொன்னார்கள். இரண்டாவது பழைய கட்டடம், சுவரில் பெயின்ட் உரிந்திருக்கிறது. கேட்டதும் பதிவேட்டையே எடுத்துக் காட்டினார்கள்: விழுந்தவர்கள், படுக்கைப் புண் வந்தவர்கள் எல்லாம் அதில் இருந்தது, எண்ணிக்கை முதலாவதைவிட அதிகம். ஆனால் வேலை செய்பவர்கள் பல வருடமாக அங்கேயே இருப்பவர்கள். தம்பி முதலாவதுதான் என்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை. எதை வைத்து முடிவு செய்வது?

கணக்கன்:
உங்கள் தம்பி சொல்வதுதான் சரி. மனசு ஒப்பவில்லை என்பதை ஒரு காரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. மருத்துவத் தரத்தை அளப்பது பற்றி டொனபீடியன் என்ற அமெரிக்க மருத்துவர் 1966-லேயே எழுதிவிட்டார். கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கட்டடம், கட்டில், ஆட்கள் எல்லாம் முதல் வகை. மருந்து வேளைக்குக் கொடுக்கிறார்களா, புரட்டிப் படுக்க வைக்கிறார்களா என்பது இரண்டாவது. புண் வந்ததா, எடை குறைந்ததா என்பது மூன்றாவது. அரை மணி நேரம் சுற்றிப் பார்க்கிறவர் கண்ணில் படுவது பெரும்பாலும் முதலாவது மட்டும்தான், அதிலும் வரவேற்பறையும் சிரித்த முகங்களும்தான். மற்ற இரண்டையும் பதிவேட்டில்தான் பார்க்க முடியும். ஓர் இடத்தில் புண் அதிகம், விழுவதும் அதிகம் என்று அவர்களே எழுதி வைத்திருக்கும்போது வேறென்ன சாட்சி வேண்டும்?

முரண்தொடை:
அந்தப் பதிவேட்டை எழுதியது யார் கணக்கன் சார்? அமெரிக்காவில் இப்படிப்பட்ட இல்லங்களுக்கு ஐந்து நட்சத்திர மதிப்பீடு 2008 இறுதியில் வந்தது. எத்தனை நர்ஸ்கள், எத்தனை உதவியாளர்கள் என்பதை இல்லங்களே எழுதிக் கொடுத்தன. அதுவும் ஆய்வு நடக்கும் சமயத்தை ஒட்டிய இரண்டு வாரக் கணக்கு மட்டும். ஆய்வாளர் வரும் நாளில் எந்த இல்லத்தில்தான் ஆள் குறைவாக இருக்கும்? சம்பளப் பதிவேட்டிலிருந்து தினசரிக் கணக்கு கொடுக்க வேண்டும் என்ற விதி 2016-ல்தான் அமலுக்கு வந்தது. அதுவரை அந்த நட்சத்திரத்தை நம்பித்தான் பெற்றோரைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அப்புறம் அந்த "ஒருவரும் விழவில்லை". எனக்கு அதைக் கேட்டதும் பகீர் என்றது. தள்ளாத வயதில் இருக்கிற இத்தனை பேர் ஒரே கூரையின் கீழ் இருந்து, ஒரு வருடம் முழுக்க ஒருவர்கூட விழவில்லை என்றால் இரண்டில் ஒன்றுதான். விழுந்ததை எழுதவில்லை, அல்லது யாரையும் எழுந்திருக்கவே விடவில்லை. நாற்காலியில் பெல்ட் போட்டு உட்கார வைத்தால் யாரும் விழ மாட்டார்கள்தான். தூக்க மாத்திரை கொடுத்தாலும் அப்படித்தான்.

கணக்கன்:
இல்லங்கள் சொந்தமாகக் கொடுத்த கணக்கு பொய் என்று எப்படித் தெரிந்தது? சம்பளக் கணக்கு என்ற இன்னொரு கணக்கு வந்ததால்தான். வார இறுதிகளில் ஆட்கள் குறைகிறார்கள் என்பது அதில்தான் பளிச்சென்று தெரிந்தது. யாரும் போய் வாசனை பிடித்துக் கண்டுபிடிக்கவில்லை. கணக்கு தப்பு என்றால் இன்னும் நல்ல கணக்கு கேட்க வேண்டும். கணக்கே வேண்டாம் என்பது வேறு வாதம். பெல்ட், மாத்திரை எல்லாம் நீங்கள் ஊகிப்பது, கீழ்வானம் பார்த்ததாகச் சொல்லவில்லை.

இரவுப்பணி:
இப்படிப்பட்ட இல்லங்களில் நர்ஸாக வேலை பார்க்கிறேன், பெரும்பாலும் இரவு ஷிப்ட். நேரில் போனால் எதுவும் தெரியாது என்று கணக்கன் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் போனால்தான் தெரியாது.

வரவேற்பறையை விடுங்கள். தானாக அசைய முடியாத ஒருவரின் கட்டில் பக்கம் போய் நில்லுங்கள். அழைப்பு மணியின் ஒயர் எங்கே இருக்கிறது? கைக்கு எட்டும் இடத்திலா, கம்பியில் சுற்றித் தலைக்குப் பின்னால் தள்ளிவிட்டிருக்கிறதா? தொந்தரவு செய்கிறார் என்று யாரோ நினைத்த ஆளின் மணிதான் அப்படிப் போகும். தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டுகிறதா? பக்கவாதம் வந்தவருக்கு விளங்காத கைப் பக்கம் வைத்திருந்தால் அது இருந்தும் இல்லாததுதான். வாயைப் பாருங்கள். நாக்கு வறண்டு வெடித்திருக்கிறதா, பல்செட் கழுவி இருக்கிறதா? வாய் சுத்தம்தான் அவசரத்தில் முதலில் விட்டுப்போகிற வேலை. ஆள் போதவில்லை என்பது அங்கேதான் முதலில் தெரியும்.

சாப்பாட்டு வேளையில் போங்கள். ஊட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுகிறாரா, நின்றுகொண்டே அடுத்த தட்டைப் பார்த்தபடி ஊட்டுகிறாரா? விழுங்கி முடிப்பதற்குள் அடுத்த கரண்டி போகிறதா? பக்கவாதம் வந்தவர்களுக்கு உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வருவது இப்படித்தான். சாப்பிட்டதும் சட்டென்று படுக்க வைக்கிறார்களா என்றும் கவனியுங்கள்.

மூக்கையும் நம்பலாம். காலையில் ஓர் அறையில் மட்டும் மூத்திர வாடை வந்தால் அது அப்போது நடந்தது, மாற்றிக்கொண்டிருப்பார்கள். எந்த நேரம் போனாலும் நடை முழுக்க அதே வாடை என்றால் நாற்காலி மெத்தை, திரை எல்லாவற்றிலும் ஊறிப்போயிருக்கிறது. வாடையே இல்லாமல் ரூம் ஸ்ப்ரே மட்டும் தூக்கலாக அடித்தால் எனக்குச் சந்தேகம் இன்னும் கூடும்.

வெண்மதி:
இரவுப்பணி அக்கா சொன்னது அத்தனையும் எங்கள் அப்பா இருந்த இடத்தில் நன்றாகவே இருந்தது. மணி எட்டும், தண்ணீர் எட்டும், உட்கார்ந்துதான் ஊட்டுவார்கள். பல வருடமாக இருக்கிற ஆட்கள், அப்பா மேல் உயிரையே வைத்திருந்தார்கள். ஆனாலும் நான் கணக்கன் பக்கம்தான்.

ஒரு வாரத்தில் அப்பா சட்டென்று குழம்பிப்போனார். பகலில் தூக்கம், இரவில் கத்தல், இல்லாத ஆட்களோடு பேச்சு. "மறதிநோய் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கும், அப்படித்தான் ஆகும்" என்று தலையைத் தடவி ஆறுதல் சொன்னார்கள். ஜுரம் பார்த்த குறிப்பு இல்லை, எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்ற குறிப்பும் இல்லை. மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் சிறுநீர்த் தொற்று, உடம்பில் நீரும் வற்றியிருந்தது. மருந்து கொடுத்ததும் பழைய நிலைக்கு வந்துவிட்டார். மறதிநோய் மெல்ல மெல்லத்தான் கீழே போகும், இரண்டு மூன்று நாளில் ஆள் மாறினால் வேறு காரணத்தைத் தேட வேண்டும் என்று அங்கே இருந்த டாக்டர் சொன்னார். இத்தனை வருட அனுபவத்தில் அந்த இல்லத்தில் யாருக்கும் அது தெரியவில்லை. பழைய ஆட்கள் என்றால் பழைய தப்பும் கூடவே இருக்கும் கீழ்வானம்.

இரவுப்பணி:
அப்பாவுக்கு நடந்தது கஷ்டமான விஷயம்தான் வெண்மதி. ஆனால் அது பழைய ஆட்களால் வந்ததா, அவர்களுக்கு மேல் பொறுப்பான நர்ஸ் இல்லாததால் வந்ததா? தினமும் முகம் பார்க்கிற உதவியாளர்தான் "இன்றைக்கு இவர் இவராக இல்லை" என்று முதலில் சொல்வார். வாராவாரம் ஆள் மாறுகிற இடத்தில் அதைச் சொல்லக்கூட ஆள் இருக்காது. சொன்னதைக் கேட்டு ஜுரமும் ரத்த அழுத்தமும் பார்த்து டாக்டரைக் கூப்பிட ஒருவர் வேண்டும். உங்கள் இடத்தில் இல்லாமல் போனது அந்த ஒருவர்.

வெண்மதி:
அந்த ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்பது குறிப்பேட்டில்தானே அக்கா தெரியும்? பாசத்தைப் பார்த்துத்தான் நாங்கள் குறிப்பேட்டைக் கேட்காமலே இருந்தோம்.

முரண்தொடை:
மாத்திரை பற்றிச் சொன்னது ஊகம் என்றார் கணக்கன். கீழ்வானத்தின் அம்மாவுக்கு மறதிநோய் என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். மனச்சிதைவுக்குக் கொடுக்கும் மருந்துகளை மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு அடக்கி வைப்பதற்காகக் கொடுக்கும் பழக்கம் பல நாடுகளில் உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 17 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, 2005-ல் அந்த வகைப் புதிய மருந்துகளின் மேலட்டையில் மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போடச் சொன்னது. மறதிநோய் உள்ள முதியவர்களிடம் இறப்பு 1.6 முதல் 1.7 மடங்கு வரை கூடியிருந்தது. பழைய வகை மருந்துகளுக்கும் 2008-ல் அதே எச்சரிக்கை வந்தது. ஆகவே கேளுங்கள்: இங்கே எத்தனை பேருக்கு இந்த மருந்து போகிறது, யார் எழுதிக் கொடுத்தது, கடைசியாகக் குறைத்துப் பார்த்தது எப்போது? பிற்பகலில் பொதுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் தலை தொங்கித் தூங்கினால், அது மதியத் தூக்கம்தான் என்று நம்பிவிடாதீர்கள்.

கட்டி வைப்பதும் அப்படித்தான். வசதிக்காகக் கட்டி வைக்கக் கூடாது என்று அதே நாட்டில் 1987-ல் சட்டமே போட வேண்டியிருந்தது. கட்டில் கம்பியை ஏற்றிவிட்டால் பாதுகாப்பு என்று நினைப்பார்கள். குழம்பிய நிலையில் இருப்பவர் அதன் மேல் ஏறித்தான் இறங்கப் பார்ப்பார், அந்த உயரத்திலிருந்துதான் விழுவார்.

கணக்கன்:
இந்த எச்சரிக்கை எங்கிருந்து வந்தது? 17 சோதனைகளைக் கூட்டிக் கணக்குப் போட்டதால் வந்தது. என் பக்க வாதத்தை எனக்காக நீங்களே எழுதிக்கொடுக்கிறீர்கள், நன்றி.

ஆனால் படுக்கைப் புண் எண்ணிக்கையை வெறுமனே பார்க்கக் கூடாது என்பதை நானும் சொல்லியாக வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவர்களை அதிகம் சேர்க்கும் இல்லத்தில் புண்ணும் அதிகமாகத்தான் இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி, புண் வரும்போதே இருந்ததா, இங்கே வந்த பிறகு வந்ததா என்பது. இங்கே வந்தவற்றில் எத்தனை ஆறின, எத்தனை ஆழமாயின? கூடவே எடைக் குறிப்பு. ஒரு மாதத்தில் 5 சதவீதம், ஆறு மாதத்தில் 10 சதவீதம் எடை குறைந்தால் அது எச்சரிக்கை மணி. அந்தக் குறிப்பில் விசாரித்ததற்கான தடயம் இருக்கிறதா, எண்ணை மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டு இல்லத்திலும் இதே கேள்வியைக் கேட்டால் உங்கள் குழப்பம் பாதி தீரும்.

கீழ்வானம்:
எல்லோருக்கும் நன்றி. இரண்டு இடத்துக்கும் சொல்லாமல் கொள்ளாமல் மாலையில் போனோம், தம்பியும் வந்தான்.

முதலாவதில் புண் பற்றிக் கேட்டதற்கு "தலைமை அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறோம்" என்றார்கள். பொதுக்கூடத்தில் பாதிப் பேர் பின்னால் சாய்ந்த ஆழமான நாற்காலியில். முன்னால் ஒரு பலகை, பூட்டிய மாதிரி. ஒரு பாட்டி அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது சாப்பாட்டுப் பலகை என்றார்கள். சாப்பாட்டு நேரம் இல்லை. தம்பி எதுவும் பேசவில்லை.

இரண்டாவதில் பொறுப்பு நர்ஸ் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். புண்களில் பெரும்பாலானவை மருத்துவமனையிலிருந்து வந்தபோதே இருந்தவை. இங்கே வந்தவையும் உண்டு, அவர் மறைக்கவில்லை. விழுந்தவர்களின் குறிப்பில் எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, காலில் செருப்பு இருந்ததா என்பதுவரை எழுதியிருந்தது. ஆனால் ஒரு சிக்கல். இரவில் அங்கே நர்ஸ் கிடையாது. உதவியாளர்கள் மட்டும்தான், அவசரம் என்றால் போனில் கூப்பிடுவார்களாம்.

வெண்மதி:
அப்படியானால் இரண்டுமே வேண்டாம் என்றுதான் சொல்வேன். எங்கள் அப்பா கத்தியதெல்லாம் இரவில்தான்.

முரண்தொடை:
மூன்றாவது இல்லம் வானத்திலிருந்து குதிக்காது வெண்மதி. கீழ்வானம், பலகை போட்டுப் பூட்டுகிற இடத்துக்கு இது எவ்வளவோ மேல்.

இரவுப்பணி:
மேல்தான், ஆனால் வெண்மதியின் பயம் நியாயமானது. போன் என்கிறார்களே, அந்தப் போனை யார் எடுப்பார், எவ்வளவு நேரத்தில் வருவார், கடைசியாக எப்போது அப்படி வந்தார் என்று கேளுங்கள். உதவியாளர் தானாக ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா, யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை உதவியாளர்? அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்க ஆள் இருக்கிறதா? பின்னிடுப்பு, குதிகால், இடுப்பு எலும்புப் பக்கம், இந்த மூன்று இடத்தையும் நீங்களே போகும்போதெல்லாம் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு நொடி வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் புண்ணின் ஆரம்பம். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக, கெட்டியாக இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள்.

கீழ்வானம்:
நிரந்தரமாகச் சேர்க்காமல் முதலில் ஒரு மாதம் மட்டும் என்று கேட்டிருக்கிறோம், இரண்டாவது இடத்தில். சம்மதித்திருக்கிறார்கள். இரவுக் கேள்விகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை.

கணக்கன்:
பதில் எழுத்தில் வராமல் சேர்க்காதீர்கள். சேர்க்கும் அன்றே எடை பார்த்து, உச்சி முதல் பாதம் வரை தோலைப் பார்த்துத் தேதியோடு எழுதச் சொல்லி நகல் வாங்கி வையுங்கள். நாளைக்கு ஒரு புண் தெரிந்தால் "வரும்போதே இருந்தது" என்று அவர்களும் சொல்ல முடியாது, "இங்கேதான் வந்தது" என்று நீங்களும் சும்மா சொல்ல வேண்டியிருக்காது.

இரவுப்பணி:
அதோடு மருந்துச் சீட்டு நகலும்.