வெயில் ஏற ஏறத் தெளியும் பெபிள் கடிகாரத் திரை: இது கிண்டில் வகைதானா?

சத்துவாச்சாரி வாசகன்:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் இருக்கும் என் சித்தப்பா, தாம் முன்பு கட்டியிருந்த, கைப்பேசியோடு இணையும் முதல் பெபிள் கைக்கடிகாரத்தை அண்மையில் எனக்குக் கொடுத்தார். இரவில் வீட்டு விளக்கில் அதன் திரை மங்கலாகவே தெரிகிறது. ஆனால் நண்பகலில் கோட்டை மைதானத்தில், கைப்பேசியில் அழைப்பவர் பெயரைக்கூடப் படிக்க முடியாத வேலூர் வெயிலில், கடிகாரத்தின் எழுத்துகள் அச்சிட்டவை போலத் தெளிவாக இருக்கின்றன. இது மின்தாள் (காகிதம் போலத் தோன்றும் மின்னணுத் திரை) கடிகாரம் என்றுதான் விளம்பரம் செய்யப்பட்டது என்கிறார் சித்தப்பா. அப்படியானால் மின்னூல் படிக்கும் கிண்டில் கருவியில் உள்ள அதே திரையா இது? அதில் பக்கம் மாறும்போது திரை ஒருமுறை கருத்து மீளும். இதிலோ விநாடி முள் தடங்கலின்றி ஓடுகிறதே, எப்படி?

காட்பாடி மின்னணுவியல்:

அதே திரை அன்று. 2012-இல் பொதுமக்களிடம் நிதி திரட்ட உதவும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டி, 2013 தொடக்கத்தில் வாங்கியவர்களின் கைக்கு வந்த அந்தக் கடிகாரத்தில் இருப்பது ஷார்ப் நிறுவனத்தின் நினைவக எல்சிடி, அதாவது நினைவகத்தோடு கூடிய திரவப் படிகத் திரை. கிண்டிலின் திரையில் மின்னேற்றம் பெற்ற கருப்பு, வெள்ளைத் துகள்கள் நுண்ணிய உறைகளுக்குள் மேலும் கீழும் நகர்ந்து எழுத்தை உருவாக்குகின்றன. துகள்கள் இடம் மாற நேரம் பிடிப்பதால் அங்கே விநாடி முள்ளை ஓட்டுவது கடினம். உங்கள் கடிகாரத்தில் நகர்வது துகள் அன்று, திரவப் படிகம் திரும்பிக்கொள்கிறது. அது மிக விரைவாக நடந்துவிடும்.

சாதாரண எல்சிடியில் படம் அசையாமல் நின்றாலும் அதை நொடிக்குப் பல முறை மீண்டும் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே 144-க்கு 168 என்ற கணக்கில் அமைந்த 24,192 புள்ளிகளில் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பிட் நினைவகம் இருக்கிறது. கருப்பா வெள்ளையா என்பதைப் புள்ளியே நினைவில் வைத்துக்கொள்வதால், மாறிய வரிகளை மட்டும் எழுதினால் போதும். ஒரே திசையில் மின்னழுத்தம் நீடித்தால் திரவப் படிகம் கெட்டுவிடும் என்பதால், ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை அதன் திசையை மாற்றும் வேலை மட்டும் எப்போதும் நடக்கிறது. இதற்கு ஆகும் மின்சாரம் மிகச் சொற்பம். அதனால்தான், 2013-இல் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையுடன் வந்த சாம்சங் கேலக்ஸி கியர் கடிகாரத்தை ஏறத்தாழ நாள்தோறும் சார்ஜ் செய்ய வேண்டியிருந்த காலத்தில், பெபிள் ஒரு வாரம் வரை தாங்கியது.

வெயில் விஷயத்துக்கு வருகிறேன். கைப்பேசித் திரை தானே ஒளி உமிழ்வதால் சூரியனோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. சூடேறினால் தன் வெளிச்சத்தைக் குறைத்தும் கொள்கிறது. பெபிளின் திரை வெளியிலிருந்து விழும் ஒளியையே திருப்பி அனுப்புகிறது. விழும் ஒளி கூடினால் தெளிவும் கூடும். இரவில் அந்த ஒளி குறைவு, ஆகவே மங்கல். அதற்காகத்தான் மணிக்கட்டை அசைத்தால் எரியும் பின்விளக்கு.

வேலப்பாடி:

மேலே ஐயா எழுதியதை வீட்டிலேயே சோதிக்கலாம். கடிகாரத்தை முழுமையாக அணைத்துப் பாருங்கள். கிண்டிலில் மின்சாரம் இல்லாமலும் கடைசிப் படம் நிற்கும், இதில் நிற்காது. போலராய்டு கூலிங் கிளாஸ் வழியாகப் பார்த்தபடி மணிக்கட்டைத் திருப்பினால், ஏதோ ஒரு கோணத்தில் திரை இருண்டு போக வேண்டும்.

ஆற்காட்டுக்காரன்:

அதே 2013-இல் குவால்காம் நிறுவனம் வெளியிட்ட டாக் கடிகாரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மிராசால் என்னும் அதன் திரையில், மெல்லிய படலத்துக்கும் கண்ணாடிப் பரப்புக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியில் ஒளி அலைகள் குறுக்கிட்டு நிறம் பிறக்கிறது; இடைவெளி மூடினால் புள்ளி கருப்பாகிவிடும். கருத்தளவில் பெபிளைவிட அழகான வழி என்பேன், ஆனால் அது நிலைக்கவில்லை. பெபிள் 2015-இல் 64 நிறத் திரைக்கு மாறியபோதும் வெளி ஒளியைத் திருப்பும் முறையைக் கைவிடவில்லை.

சத்துவாச்சாரி வாசகன்:

அணைத்துப் பார்த்தேன், திரையில் எதுவும் நிற்கவில்லை. இருவருக்கும் நன்றி. வெயிலுக்கு ஏற்ற திரை என்பதால் வண்டியின் முன்பலகையில் வைத்துவிட்டுப் போகலாமா?

காட்பாடி மின்னணுவியல்:

வேண்டாம். ஒளி வேறு, வெப்பம் வேறு. கண்ணாடி ஏற்றிய காருக்குள் மே மாதத்தில் ஏறும் சூட்டில் திரவப் படிகம் தன் ஒழுங்கை இழந்து திரை கருத்துவிடக்கூடும்; ஆறியதும் பெரும்பாலும் மீண்டுவிடும் என்றாலும், பழைய பேட்டரி அந்தச் சூட்டைத் தாங்காது.