வெற்றி பெற்ற தெரபி பெருமளவில் போகும்போது: எம்.எஸ்.டி., எஃப்.எஃப்.டி. மதிப்பீட்டில் பட்டறிவு

ஓரிடத்தில் வெற்றி பெற்ற தெரபியைப் பல ஊர்களுக்குக் கொண்டுபோகும்போது அதன் பலனை எப்படி மதிப்பிடுவது? தரவு, தரக் கண்காணிப்பு, செலவு என்று வெவ்வேறு பக்கம் வேலை செய்பவர்களின் பேச்சு இது.

தரவுப் பக்கம் வேலை செய்பவர்:

எம்.எஸ்.டி. (மல்டிசிஸ்டமிக் தெரபி) என்பது குற்றத்தில் சிக்கிய இளையோருக்காகக் குடும்பம், பள்ளி, நண்பர் வட்டம் எல்லாவற்றையும் சேர்த்து வேலை செய்யும் தெரபி. அது பெயர் வாங்கியது அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் நடந்த ஆய்வில். 176 இளையோர். 1995-ல் வெளியான கணக்குப்படி நான்கு ஆண்டுகளில் மறுபடி கைதானவர்கள் எம்.எஸ்.டி. பக்கம் சுமார் 26%, தனிநபர் தெரபி பக்கம் சுமார் 71%. இங்கிலாந்தில் 9 இடங்களில் 684 குடும்பங்களை வைத்து ஆய்வு நடந்தபோது, 18 மாதத்தில் வீட்டை விட்டு வெளியே (பராமரிப்பு இல்லம், காவல் போன்ற இடங்களில்) வைக்கப்பட்டவர்கள் எம்.எஸ்.டி. பக்கம் 13%, வழக்கமான சேவைப் பக்கம் 11%. வேறுபாடு இல்லை என்றுதான் அர்த்தம். ஐந்து ஆண்டுத் தொடர்கணிப்பிலும் எம்.எஸ்.டி. முந்தவில்லை.

இதைப் பார்த்துவிட்டு "தெரபி தோற்றது" என்று எழுதுபவர்கள் ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன கிடைத்தது என்று படிப்பதே இல்லை. மிசௌரியில் எதிர்ப்பக்கம் இருந்தது பையனை மட்டும் உட்கார வைத்துப் பேசும் தெரபி. அங்கே எம்.எஸ்.டி. நடத்தியவர்களும் தெரபியை உருவாக்கியவர்களின் நேரடி மேற்பார்வையில் இருந்த முனைவர் பட்ட மாணவர்கள். இங்கிலாந்திலோ எதிர்ப்பக்கக் குடும்பங்களுக்கும் சமூக சேவை, இளம் குற்றவாளிகள் குழு, மனநலச் சேவை என்று ஏதோ ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதனால் முதல் வேலை: "வழக்கமான சேவை" என்ற இரண்டு வார்த்தையோடு விடாமல், யாருக்கு எத்தனை சந்திப்பு, எந்தத் துறை, எத்தனை வாரம் என்று இரு பக்கமும் ஒரே படிவத்தில் பதியுங்கள். முடிவு வந்த பிறகு பழைய கோப்புகளைத் தோண்டி இதைத் தேடினால் பாதிதான் கிடைக்கும்.

ஸ்வீடன் விஷயம்:

அங்கே நடந்த எம்.எஸ்.டி. ஆய்வில் 156 பேர், ஏழு மாதக் கணிப்பு, வேறுபாடு இல்லை. ஆய்வு நடந்தபோது அங்கே குற்றப் பொறுப்பு வயது 15. அதற்குக் கீழே இருந்தவர்கள் நீதிமன்றத்துக்குப் போகவில்லை, சமூகநலத் துறைதான் பார்த்தது. ஆகவே அமெரிக்க ஆய்வின் "கைது" என்ற அளவுகோலை அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது. ஊர் மாறினால் அளவுகோலும் மாறும் என்பதைத் திட்டக் கட்டத்திலேயே எழுதி வைக்கவேண்டும்.

தரக் கண்காணிப்புப் பக்கம்:

வாஷிங்டன் மாநிலத்தை யாரும் சொல்லவில்லையே. 1997 சட்டத்தின் கீழ் எஃப்.எஃப்.டி.யை (ஃபங்ஷனல் ஃபேமிலி தெரபி, இதே போன்ற இளையோரைக் குடும்பத்தோடு சேர்த்து உட்கார வைத்து நடத்துவது) சிறார் நீதிமன்றங்கள் வழியாகக் கொண்டுபோனார்கள். இடம் போதாததால் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களே ஒப்பீட்டுக் குழு. 2004 அறிக்கை: தேர்ந்த தெரபிஸ்டுகள் கையில் மறுபடி கடுங்குற்றம் செய்வது 38% குறைந்தது. தேர்ச்சி இல்லாதவர்கள் கையில் குறையவே இல்லை. பின்னர் 917 குடும்பங்கள், 38 தெரபிஸ்டுகளை வைத்து வந்த ஆய்விலும் இதே கதை. முறையைச் சரியாகப் பின்பற்றாதவர்களின் குடும்பங்கள் வழக்கமான சேவையை விட மோசமாகவே இருந்தன.

ஆனால் ஒரு எச்சரிக்கை. "தேர்ந்தவர், தேராதவர்" என்று பிரித்தது குலுக்கலால் (சீட்டுப் போடுவது போல, யாருடைய விருப்பமும் இல்லாமல் பிரிப்பது) அல்ல. சுலபமான குடும்பங்கள் கிடைத்தவருக்கு நல்ல மதிப்பெண் விழும். எல்லாரையும் சேர்த்த முடிவை முதலில் போடுங்கள். பிறகுதான் இந்தப் பிரிவு.

தெரபிஸ்ட் முறையைச் சரியாகப் பின்பற்றுகிறாரா என்று அளப்பது எப்படி? எம்.எஸ்.டி.யில் 28 கேள்விகள் உள்ள ஒரு படிவம், பெற்றோரிடம் ஏறக்குறைய மாதம் ஒருமுறை. கேட்பவர் தெரபி குழுவைச் சேராதவராக இருக்கவேண்டும். தெரபிஸ்டே போன் போட்டால் யார் குறை சொல்வார்கள்? அதைவிடப் பெரிய சிக்கல் காணாமல் போகும் பதில்கள். வீடு கொந்தளிக்கும் வாரத்தில் அம்மா போனை எடுக்கமாட்டார். அதனால் வந்துசேரும் மதிப்பெண் நல்ல வாரங்களின் மதிப்பெண். வந்த பதில் விகிதத்தைச் சராசரிக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

மறுபடியும் தரவுப் பக்கம்:

மாதிரி அளவில் எல்லாரும் தவறுவது ஒரே இடத்தில். ஒரு எம்.எஸ்.டி. தெரபிஸ்ட் ஒரு நேரத்தில் 4 முதல் 6 குடும்பம்தான் எடுப்பார், ஒவ்வொன்றும் 3 முதல் 5 மாதம். ஆண்டுக்குத் தோராயமாக 15 குடும்பம். அந்த 15-ம் ஒரே ஆளின் கைவண்ணம், தனித்தனிச் சான்று அல்ல. உள்தொடர்பு (ஒரே தெரபிஸ்டின் குடும்பங்களுடைய முடிவுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் அளவு) 0.05 என்று வைத்தால்கூட 1 + 14 × 0.05 = 1.7. மாதிரி அளவை இதால் வகுக்கவேண்டும். அதாவது தெரபிப் பக்கம் 200 குடும்பம் சேர்த்தால் கைக்கு வருவது 118 குடும்பத்தின் பலம். பணம் கொடுப்பவர்களிடம் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள், சொல்லித்தான் ஆகவேண்டும்.

குலுக்கலைச் சம்மதமும் முதல் அளவீடும் முடிந்த பிறகு, வெளியிலிருந்து நடத்துங்கள். அதற்கு முன் நடத்தினால், "இந்தப் பையனுக்கு எப்படியும் தெரபி வேண்டும்" என்று நினைக்கும் அலுவலர் வரிசையை மாற்றிவிடுவார். நல்ல எண்ணத்தோடுதான் செய்வார், ஆனாலும் ஆய்வுக்குச் சேதம் சேதம்தான்.

மறுகுற்றத்தைத் தண்டனை வந்த தேதியால் எண்ணாதீர்கள், குற்றம் நடந்த தேதியால் எண்ணுங்கள். வழக்கு இழுத்தடிக்கும் ஊரில் தெரபிக்கு முந்தைய குற்றத்தின் தீர்ப்பு தெரபிக்குப் பிறகு வந்து கணக்கைக் கெடுக்கும். வீட்டை விட்டு வெளியே வைப்பதும் ஓர் அதிகாரியின் முடிவு, பையனின் நடத்தை மட்டும் அல்ல. தெரபி குழு அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து "இன்னும் கொஞ்சம் பொறுங்கள்" என்று கேட்டால் எண் குறைந்துவிடும். ஆம், இல்லை என்பதோடு எத்தனை நாள் வெளியே என்பதையும் சேர்த்துப் பதியுங்கள்.

நார்வே பற்றி ஒரு வரி:

அங்கே எம்.எஸ்.டி. 1999-ல் தொடங்கியது. ஆய்வில் நான்கு இடங்களில் 100 பேர், நல்ல முடிவு. ஆனால் இரண்டாண்டுத் தொடர்கணிப்பில் இருந்தது மூன்று இடங்களின் 75 பேர். ஓர் இடம் வெளியே போனதும் படம் அழகாவது இயல்பு. பெருமளவுப் பரவலில் பலவீனமான இடமும் பரவலின் ஒரு பகுதிதான். அதையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

செலவுப் பக்கம்:

5 நாள் தொடக்கப் பயிற்சி, வாரந்தோறும் குழு மேற்பார்வை, வெளி நிபுணரின் வாராந்தர ஆலோசனை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு. இவை எம்.எஸ்.டி.யின் அலங்காரம் அல்ல, தெரபியின் உறுப்புகள். பட்ஜெட் குறையும்போது முதலில் வெட்டப்படுவதும் இவைதான். தெரபிஸ்ட் விலகினால் ஓடிக்கொண்டிருக்கும் 4 முதல் 6 குடும்பங்கள் கைமாறும். அந்தக் குடும்பங்களைத் தனிக் குறியீட்டில் பதியுங்கள், நீக்கிவிடாதீர்கள். வந்த தேதி, விலகிய தேதி, சான்று பெற்ற தேதி மூன்றும் தெரபிஸ்ட் கோப்பில் இல்லாவிட்டால் இதைப் பின்னால் கணக்கிடவே வழியில்லை.