எழுதப் போன வீடுகளில் சந்தித்தவர்கள்

கனடாவில் சுயாதீனமாக எழுதும் மூன்று பத்திரிகையாளர்கள், ரொறன்ரோவின் ஸ்காபரோ, வன்கூவர், மொன்றியல் ஆகிய இடங்களிலிருந்து ஒருவருக்கொருவர் எழுதியவை.

ஸ்காபரோவிலிருந்து:

பிள்ளை வளர்ப்பு, குடியேறியவர்களின் வாழ்க்கை, பருவநிலை. சுயாதீனமாக எழுதத் தொடங்கிய நாளிலிருந்து இந்த மூன்றையும் பற்றித்தான் எழுதி வருகிறேன். சஞ்சிகைகளில் இவற்றுக்குத் தனித்தனி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்கு அனுப்பும் யோசனையை அவர் மற்றவரிடம் தள்ளுவார், மற்றவர் மூன்றாமவரிடம். அடுக்குமாடி வீடு ஒன்றுக்குள் போய் உட்கார்ந்தால் மூன்றும் ஒரே பேச்சில் வந்துவிடும். இதை எனக்குத் தெளிவாகக் காட்டியவர் ஒரு அம்மம்மா.

2023 ஜூன் கடைசி. காடுகள் எரிந்து ரொறன்ரோ முழுவதும் புகை மூடிக் கிடந்த நேரம். அந்த ஒரே ஆண்டில் கனடாவில் 1.5 கோடி ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உள்ள பிள்ளைகளின் பெற்றோரைப் பற்றி எழுதுவதற்காக ஒவ்வொரு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன். ஜன்னலைப் பூட்டுங்கள், வெளியே போகாதீர்கள் என்று அரசு சொல்லியிருந்தது. நான் போன வீடு பழைய கட்டடம் ஒன்றின் மேல்மாடி. ஏசி இல்லை. ஜன்னலைப் பூட்டினால் உள்ளே அவிகிறது, திறந்தால் பேரனுக்கு இழுக்கத் தொடங்குகிறது. தாய் வேலைக்குப் போய்விட்டார். அம்மம்மாதான் பொறுப்பு.

அவர் செய்திருந்த ஏற்பாட்டைப் பார்த்து அசந்துபோனேன். வெயில் படாத ஒரு அறையைத் தெரிவு செய்து, அதன் ஜன்னல் இடுக்குகளை ஈரத்துணியால் அடைத்திருந்தார். பகலில் அந்த அறைக்குள் யாரும் அடிக்கடி போய் வரக்கூடாது. அடுப்பில் பொரிப்பது, தாளிப்பது எல்லாம் நிறுத்தம். சாம்பிராணியும் இல்லை. பையனின் மூச்சிழுப்புக்கான மருந்து பம்ப் கதவுப் பிடியில் ஒரு பையில் தொங்கியது. பக்கத்து வீட்டு ஆப்கான் குடும்பத்தின் சின்னப் பிள்ளைகளும் அதே அறையில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

இதெல்லாம் யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். "எழுபத்தெட்டுப் புயலுக்குள்ள கிடந்த ஆக்கள் நாங்க மனே," என்றார். 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பில் ஓடுகள் பறந்தபோது, முழு வீட்டையும் காப்பாற்ற முடியாது என்று தெரிந்து ஒரு அறைக்குள் எல்லோரையும் சேர்த்தாராம் அவருடைய தகப்பன். அயலவர் பிள்ளைகளையும்தான். அப்புறம் போர், இடப்பெயர்வு, சுனாமி. புகையைப் பற்றி அவருக்கு முன்பு தெரியாது. ஒரு அறையைத் தெரிவு செய்யத் தெரியும்.

பிறகு ஒரு சுவாச மருத்துவரிடம் பேசினேன். வீட்டில் ஒரு அறையை மட்டும் சுத்தமான காற்றோடு வைத்திருங்கள், உள்ளே புகை உண்டாக்கும் சமையலைத் தவிருங்கள், முடிந்தால் நல்ல வடிகட்டி ஒன்று போடுங்கள் என்றார். வடிகட்டியைத் தவிர எல்லாமே அந்த வீட்டில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது.

கட்டுரையை வாங்கிய ஆசிரியருக்கு அம்மம்மா அழ வேண்டியிருந்தது. மருத்துவர் விளக்குபவர், அம்மம்மா பாதிக்கப்பட்டவர். அதுதான் அவர் கேட்ட வடிவம். அந்தப் புயலிரவை மேலே போட்டு, அறை ஏற்பாட்டைக் கடைசிக்குத் தள்ளச் சொன்னார். நான் மறுத்தேன். பாதிப் பணத்தோடு கட்டுரை திரும்பி வந்தது. வேறொரு சஞ்சிகை அதை நான் எழுதியபடியே போட்டது. அந்தப் பாதிப் பணத்துக்காக எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை. குடியேறியவர்களை எழுதும்போது அவர்களுக்கு என்ன நடந்தது என்று மட்டுமே கேட்கிறோம். அவர்களுக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. இதற்காக நான் இன்னும் பல ஆசிரியர்களோடு மல்லுக்கட்டத் தயார்.

ஒன்றைச் சேர்க்க வேண்டும். ரொறன்ரோவில் குளிர்காலத்தில் வாடகை வீடு 21 பாகைக்குக் கீழே போகக்கூடாது என்று நகர விதி இருக்கிறது. ஏசி இல்லாத வீட்டில் கோடையில் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்ற விதி நான் அந்தக் கட்டுரையை எழுதியபோது இருக்கவில்லை. இதைச் சொன்னதும் அந்தப் பையனின் தாய், "முறைப்பாடு செய்தால் வீட்டுக்காரன் எழும்பச் சொல்லுவான் அக்கா" என்றார். பருவநிலைச் செய்தி, குடியேறியவரின் பயம், பிள்ளையின் நித்திரை மூன்றும் அந்த ஒரு வரியில் இருக்கின்றன. அதனால்தான் பெயர், மாடி எண், சந்தி எதையும் போடுவதில்லை. அச்சுக்குப் போகுமுன் அவர்கள் சொன்னதை அவர்களுக்கே தமிழில் தொலைபேசியில் வாசித்துக் காட்டுவேன்.

வன்கூவரிலிருந்து:

ஸ்காபரோ அக்கா சொன்னது இங்கேயும் அப்படியே. 2021 ஜூன் வெப்ப அலையில் லிட்டன் கிராமத்தில் 49.6 பாகை பதிவானது. மறுநாள் ஊரே எரிந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் முழுவதும் 619 பேர் வெப்பத்தால் இறந்தார்கள். கிட்டத்தட்ட எல்லோருமே வீட்டுக்குள், பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். அதை எழுதப் போனபோது ஒரு பஞ்சாபிக் குடும்பத்தைச் சந்தித்தேன். தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் எல்லோரும் நிலக்கீழ் அறையில் பாய் விரித்துப் படுத்து அந்த நாட்களைக் கடந்திருந்தார்கள். கூட்டுக் குடும்பத்தை நெருக்கடியான வீடு என்று குறையாக எழுதிப் பழகிய ஊர் இது. அந்த வாரத்தில் தாத்தா தண்ணீர் குடித்தாரா என்று பார்க்க அந்த வீட்டில் எப்போதும் ஒருவர் இருந்தார்.

அதே ஆண்டு நவம்பரில் அபொட்ஸ்போர்ட் பக்கம் சூமாஸ் சமவெளி மூழ்கியது. 1924இல் ஏரியை வற்றவைத்து விளைநிலமாக்கிய இடம் அது. தெருக்கள் அடைபட்டு ஹோப் நகரில் மாட்டிக்கொண்டவர்களுக்கு, சரே நகரில் உள்ள ஒரு குருத்வாரா (சீக்கியர் கோயில்) இரவிரவாகச் சமைத்து ஹெலிகொப்டரில் சாப்பாடு அனுப்பியது. இதைப் பற்றி எழுதினால் "நெஞ்சைத் தொடும் செய்தி" என்ற பகுதியில் போடுகிறார்கள். அது பேரிடர் முகாமைத்துவம். பேரிடர்ச் செய்திப் பக்கத்தில்தான் வர வேண்டும் என்று இப்போது ஆசிரியருக்கு அனுப்பும் முதல் மின்னஞ்சலிலேயே எழுதிவிடுகிறேன்.

மொன்றியலிலிருந்து:

2024 ஓகஸ்ட் 9, டெபி புயலின் மிச்சம் வந்து ஒரே நாளில் 150 மில்லிமீற்றர் அளவுக்குக் கொட்டியது. பேஸ்மென்ட் வீடுகளில் இருந்த பல குடும்பங்கள் சாமான்களை இழந்தன. நான் போன தமிழ் வீட்டில் தகப்பன் காப்புறுதிக்காரரோடு தொலைபேசியில் இருந்தார். ஆறாம் வகுப்பு மகள் பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "இது உங்கள் காப்புறுதியில் அடங்காது" என்பதை அந்தப் பிள்ளைதான் அப்பாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

நான் வந்த வேலையை ஒத்திவைத்து அந்த அழைப்பை நானே எடுத்துப் பேசினேன். பத்திரிகையாளர் அப்படிச் செய்யலாமா என்று சிலர் கேட்டார்கள். செய்யலாம் என்றே நினைக்கிறேன். பிறகு அவளிடம் தனியாக, தாயும் கூட இருக்க, என்ன யோசிக்கிறாய் என்று கேட்டேன். அடுத்த மழைக்கும் இப்படி வருமா என்றாள். தாய்க்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. வரலாம், வந்தால் யார் எதைத் தூக்குவது என்று மூவருமாக ஒரு தாளில் எழுதினோம். கடைசியில் என் கட்டுரை அந்தத் தாளைப் பற்றியதாக அமைந்தது. பிள்ளைகளுக்குப் பருவநிலைக் கவலையை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். குடியேறிய வீடுகளில் பெரியவர்களுக்கு அந்தச் செய்தியை எடுத்துச் சொல்வதே பிள்ளைகள்தான்.

எனக்கு ஒரு கேள்வி. பிள்ளையை இப்படி மொழிபெயர்க்க வைக்காமல் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கூட்டிப்போனால், அவருக்கு யார் காசு கொடுப்பது? என் கையிலிருந்துதான் போகிறது.

ஸ்காபரோவிலிருந்து:

தங்கச்சி, ஆசிரியரோடு கட்டுரையைப் பேசும்போதே மொழிபெயர்ப்புச் செலவைக் கேளுங்கள். எத்தனை மணி நேரம் தேவை, என்ன செலவு என்று தனியாக எழுதுங்கள், உங்கள் கட்டணத்துக்குள் சேர்க்க வேண்டாம். சிலர் மறுப்பார்கள். அப்படியானால் அந்த வீட்டுக்கு, மொழி தெரிந்த பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள்.